சோதினை முடியட்டும்

என்னுடைய பிரியாவிடைக் கூட்டத்தில் நீங்கள் வாசித்த உரையில் ஒரு பொய் இருந்தது. இத்தனை வருடத்தில் இவர் ஒரு மாணவருக்கும் தவறு செய்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். எழுதியவருக்கு நன்றி. கேக்கும் நன்றாகத்தான் இருந்தது. வாய் நிறையக் கேக் இருந்தபடியால் அன்று மறுத்துச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் ஒஸ்லோவில் வளர்ந்தவர்களுக்கான பள்ளியில் சரித்திரம் படிப்பித்தவன். பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்புகிறவர்களுக்கு வழி சொல்லும் ஆலோசகராகவும் இருந்தேன். நீங்கள் இப்போது இருக்கிற அதே கதிரைதான், முதுகுப் பக்கம் ஆடும். உங்களில் பாதிப்பேர் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள். என்னுடைய நோர்வேஜிய உச்சரிப்பை முகத்துக்கு நேரே திருத்துகிறவர்கள். அதனால் மொழியைப் பற்றியோ பாடத்தைப் பற்றியோ உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நம்முடைய ஆட்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு டாக்சி ஓட்டுநரின் மனைவி போன் எடுத்தார். கணவர் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறாரா என்று கேட்டார். மரியாதையான பெண்குரல். நானும் மரியாதையாக, இரண்டு கிழமையாகக் காணவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் வைத்தியசாலையில் ஏதோ பரிசோதனைக்குப் போய்வந்து கொண்டிருந்தாராம். முடிவு தெரியும்வரை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கு வரவேயில்லை. எனக்கு மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார், நோர்வேக்காரி, ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: இங்கே வருகிறவர்கள் பிள்ளைகள் இல்லை, அவர்களைப் பற்றி உனக்குத் தெரிய வருவது எதுவும் உன்னுடையதும் இல்லை, அவர்களின் வீட்டாருடையதும் இல்லை, அது அவர்களுடையது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதை நான் வேதமாகப் பிடித்துக்கொண்டேன். மகளின் புள்ளிகளைக் கேட்ட தகப்பன்மாரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். மனைவிக்குப் பதிலாகத் தானே விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வந்த ஒருவரோடு கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறேன். ஊருக்கெல்லாம் நல்ல கண்டிப்பான ஆள் நான். ஆனால் நம்முடைய ஆள் ஒருவர் நம்முடைய பாஷையில் போன் எடுத்தபோது என் வேதம் எங்கே போனதென்று தெரியவில்லை.

தவமலர் என்னிடம் வந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. அம்மருட்டில் ஒரு மாடிக்குடியிருப்பில் இருந்தார். பத்தொன்பது வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை. கணவர் நேசன் பேருந்து ஓட்டுநர். ஒரே மகள் பேர்கனில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள்.

என்ன படிக்க விருப்பம் என்று கேட்டேன். சரித்திரம் என்றார். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியும், நம்முடைய ஆட்கள் இந்தக் கதிரைக்கு முன்னால் வந்திருந்து சரித்திரம் என்று சொல்வது லேசில் நடக்கிற காரியம் இல்லை. தாதிப் படிப்பு என்பார்கள், கணக்கியல் என்பார்கள். எனக்கே ஊரில், சரித்திரம் படிச்சு என்ன செய்யப்போறாய், செத்த ராசாக்களுக்குச் சம்பளம் குடுக்கப் போறியோ என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

தவமலர் காரணம் சொன்னார். முதியோர் இல்லத்தில் கிழவிமார் தங்களுடைய சின்ன வயதுக் கதைகளைச் சொல்வார்களாம். ஜெர்மன்காரர் வந்தது, உருளைக்கிழங்கு மட்டுமே சாப்பிட்டது, அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது. இவர் அவர்களுக்குத் தலைவாரிக்கொண்டு ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு நிற்பாராம்.

"எத்தினை வருசத்துக்குத்தான் சேர் சும்மா தலையாட்டுறது? ஒரு கேள்வி திருப்பிக் கேக்கவாவது தெரிய வேண்டாமோ?"

அந்த ஒரு பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

வழி இருந்தது. இருபத்துமூன்று வயதைத் தாண்டி ஐந்து வருடம் வேலை செய்தவர்கள் முழு உயர்தரமும் படிக்கத் தேவையில்லை, ஆறு பாடம் சித்தியடைந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். தவமலர் மூன்று வருடத்தில் ஐந்து பாடம் முடித்தார். கணிதத்தில் இரண்டு தரம் விழுந்து எழும்பினார். இரவு வேலை முடித்து நேரே வகுப்புக்கு வந்து முன்வரிசையில் இருந்து தூங்கிவிழுவார். எழுப்பினால் நித்திரை இல்லை என்று சத்தியம் செய்வார். கடைசியாக மிஞ்சியது என்னுடைய பாடம். அதற்கு வாய்மொழிச் சோதனை. அந்த யூன் மாதம் அதில் சித்தியடைந்தால் ஓகஸ்டில் பல்கலைக்கழகம். வேலையிடத்தில் ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பும் கேட்டு வாங்கியிருந்தார். அந்த விடுப்பு அந்த வருடத்துக்கு மட்டும்தான் என்று மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டாராம்.

அவருடைய அம்மா ஊரில், கொக்குவிலில், மகனோடு இருந்தார். தவமலர் வகுப்பு முடிந்து ரயில் ஏறினால் இறங்கும்வரை அம்மாவோடு வீடியோவில்தான் கதை. அன்று நான் படிப்பித்ததை அப்படியே தமிழில் சொல்வார். கிழவிக்கு வைக்கிங்குகளைப் பிடிக்காது, கோயில் கொள்ளையடிக்கிற சனம் என்று திட்டுவாராம். ஆனால் டென்மார்க் ராணிமாரின் கதைகளை நாடகம் பார்ப்பதுபோலக் கேட்பார். அடுத்தநாள் தவமலர் வந்து, சேர், அந்த ராணிக்குப் பிறகு என்ன நடந்தது, அம்மா கேக்கச் சொன்னவ என்பார். நான் பாடத்திட்டத்தில் இல்லாததையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டு போனது கொக்குவிலில் இருந்த அந்த ஒரு மாணவிக்காகத்தான். ஒவ்வொரு சோதனைக்கும் உள்ளே போகமுதல் அம்மாவுக்குப் போன் எடுப்பார். போயிட்டு வாறன் என்பார். அம்மா, போயிட்டு வா பிள்ளை என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் பயமில்லை என்பார்.

சோதனை ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை ஆறு மணிக்கு நேசன் பேருந்துத் தரிப்பிடத்தில் இருந்து எனக்குப் போன் எடுத்தார். மாமி நேற்று மோசம் போயிட்டா என்றார்; தவமலரின் அம்மா இறந்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். சேதி அவருக்கு முதல்நாள் பின்னேரமே வந்துவிட்டது. இரவு முழுக்க மனைவிக்குப் பக்கத்தில் படுத்திருந்து ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சந்தேகம் வரக்கூடாதென்று வழமைபோல வேலைக்கும் வந்துவிட்டார். ஊரிலிருந்து யாரும் தவமலருக்கு எடுத்துச் சொல்லிவிடக்கூடாதென்று, அவருடைய போனையும் மாறி எடுத்ததுபோலக் கொண்டுவந்துவிட்டார். பேர்கனில் மகளுக்கும் அந்தக் கிழமை சோதனை. அதனால் அவளுக்கும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே உடலை எடுக்கிறார்கள் என்றார். மறுநாள் சனி. சனிப்பிணம் தனிப்போகாது என்று அங்கே பெரியவர்கள் ஒரு நாளும் வைத்திருக்க விடவில்லை. மச்சான், தவமலரின் தம்பி, வீடியோவில் காட்டுகிறான், நான் பஸ் ஓடிக்கொண்டு பார்க்க ஏலாது, உங்களுடைய நம்பரைக் குடுத்திருக்கிறன், எங்கடை பக்கத்திலை ஒருத்தராவது பாத்ததா இருக்கட்டும் என்றார். பிறகு சொன்னார்:

"சோதினை முடியட்டும் சேர். ரெண்டு மணிக்கு நான் வந்து சொல்லுறன். அதுமட்டும் அவவின்ரை காதிலை விழாமல் பாத்துக்கொள்ளுங்கோ. மூண்டு வருசப் பாடு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதை உங்களில் புதிதாக வந்தவர்கூடச் சொல்வீர்கள். உங்கள் மனைவி என் மாணவி, அவரைப் பற்றி உங்களோடு முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை, அவருக்கு இப்போதே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் நான் சொல்வேன். ஒரு தகுந்த காரணம் காட்டினால் சோதனையை இலையுதிர் காலத்துக்குத் தள்ளலாம். எனக்கு அந்தப் படிவம் கண்ணை மூடிக்கொண்டே நிரப்பத் தெரியும்.

நான், ஓம் தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். தள்ளினால் அந்த வருடம் போய்விடும், அனுமதி போய்விடும், விடுப்பும் போய்விடும். இது ஒரு காரணம், பொய்யான காரணமும் இல்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. நான் இங்கே பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் என் தகப்பன், ஐயா, ஊரில் இறந்தார். கடிதம் வந்தது. என்னோடு அறையில் இருந்த பெடியள் அதை ஒன்பது நாள் ஒளித்து வைத்திருந்து, கடைசிச் சோதனை முடிந்து நான் வாசலில் சப்பாத்துக் கழற்றும்போது தந்தார்கள். நான் அவர்களுக்கு நன்றி சொன்னேன். இருபது முப்பது வருடம் அதை ஒரு பெரிய உபகாரமாகவே சொல்லித் திரிந்தேன். எங்களுக்குள் அன்பு என்றால் இதுதான் என்று படித்தவன் நான். பிள்ளை சோதனைக்குப் போகும்போது வீட்டில் யார் செத்தாலும் உலை கொதிக்க வேண்டும், யாரும் அழக்கூடாது. நேசன் கேட்டபோது எனக்கு அது விதிமீறலாகவே தோன்றவில்லை. ஒரு குடும்பம் என்னைத் தன்னுள் ஒருவனாக நினைத்ததே என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது.

அந்த நாள் சோதனைக்கு ஐந்து பேர். தவமலர் மூன்றாவது. கேள்வி கேட்கிறவன் நான். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டுப் புள்ளி போடுவார். வயதான, மென்மையான பெண்மணி.

இரண்டாவது ஆளின் சோதனை முடிந்து நான் நடைகூடத்துக்கு வந்தபோது தவமலர் அங்கே நின்றார். நீலச் சேலை கட்டியிருந்தார். நோர்வேஜியச் சோதனைக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்த முதல் ஆள் அவர்தான். அம்மா சொன்ன நிறம் என்றார். போன் கையில் இல்லாதது அவரை அலைக்கழித்துக் கொண்டிருந்தது. இவர் என்ரை போனை மாறிக் கொண்டுபோயிட்டார், அறளை பேந்த மனிசன் என்று நேசனைத் திட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சேர், உங்கடை போனிலை அம்மாவுக்கு ஒருக்கா எடுக்கட்டோ? ரெண்டு நிமிசம்."

என் போன் சட்டைப்பையில் இருந்தது. அதில் அவருடைய தம்பி எடுத்த வீடியோ அழைப்பு, சத்தம் குறைத்தபடி, ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

சோதனை அறையில் மாணவர் தடுமாறினால் என்ன செய்வது, அழுதால் என்ன செய்வது, மயங்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் நமக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். ஒரு மனுஷி நேருக்கு நேர் நின்று தன் தாயைக் கேட்டால் என்ன சொல்வதென்று எவரும் பயிற்சி தருவதில்லை. தரத் தேவையும் இல்லை. அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம்.

நான், நானே எடுத்துப் பார்க்கிறேன், நம்பரைச் சொல்லுங்கோ என்றேன். அவர் மனப்பாடமாகச் சொன்னார். நான் யன்னல் பக்கம் திரும்பி எதையும் அழுத்தாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு திரும்பி, அடிக்குது, எடுக்கினமில்லை, கரண்ட் போயிருக்கும் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"வெள்ளிக்கிழமையல்லோ. அம்மா கோயிலுக்குப் போயிருப்பா. எனக்காகத்தான் போயிருப்பா."

ஓம், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் கழிவறைக்குப் போய்ச் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தார். நான் நேரம் வந்ததும் பெயர் கூப்பிட்டேன். அவர் உள்ளே வந்தார்.

அவருக்கு விழுந்த தலைப்பு, நோர்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர்கள். நன்றாகத் தயார்செய்த தலைப்பு. நான் கேட்டேன், அவர் சொன்னார். காணி போதாமல் போனது, மூத்த மகனுக்குத் தோட்டம், மற்றவர்களுக்குக் கடல். அவருடைய நோர்வேஜியம் அன்றைக்குப்போல ஒருநாளும் ஓடவில்லை. கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பரீட்சகர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அவர் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டார். அங்கே போனவர்களுக்கு ஊரில் நடந்த சாவுகள் எப்படித் தெரியவந்தன? பாவம், அந்த மனுஷிக்கு ஒன்றும் தெரியாது. கடிதங்களை ஆதாரமாகப் பயன்படுத்துவது பற்றிக் கேட்டார்.

தவமலர் யோசிக்கவேயில்லை. கடிதம் போய்ச்சேர வாரக்கணக்காகும் என்றார். அந்த வாரங்களில் அங்கே இருக்கிற பிள்ளை சந்தைக்குப் போயிருக்கும், கலியாண வீட்டில் ஆடியிருக்கும், தாய் இல்லாதது தெரியாமல் தாய்க்குக் கடிதம் எழுதியிருக்கும். அப்படி எழுதின கடிதங்கள்தான் வாசிக்க எல்லாவற்றிலும் கஷ்டமானவை என்றார். கப்பல் மெதுவாகப் போனது ஒருவருடைய குற்றமும் இல்லை, இப்ப எங்களுக்கு அந்தக் கொடுமை இல்லை, நான் தினமும் அம்மாவின் முகம் பார்க்கிறேன் என்று சிரித்துக்கொண்டு முடித்தார்.

நான் மேசையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு மணி. கொக்குவிலில் இரண்டரை. எடுக்கிற நேரம். அந்த நேரம் என் ஐயாவும் நினைவில் வந்தார். அந்த ஒன்பது நாளில் ஒருநாள் நான் கூட்டாளிகளோடு ஏரியில் நீந்தப் போனேன், தண்ணீர் குளிராக இருந்ததென்று வாய்விட்டுச் சிரித்தேன். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பரீட்சகர் என்னைப் பார்த்து, உங்களுக்கு வேறு கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆறுக்கு ஐந்து புள்ளி. சொன்னபோது அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன நேசன் பொறுக்கமாட்டாமல் ஒன்றரைக்கே வந்து பள்ளி வாசலில் நின்றார். கூட அவருடைய தமக்கையும் தமக்கையின் கணவரும். தவமலர் படியிறங்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டு போனார். பாதிவழியில் கை இறங்கிவிட்டது. வேலைநாளில், உத்தியோகச் சட்டையோடு, அக்காவையும் கூட்டிக்கொண்டு புருஷன் வந்து நிற்கிறான் என்றால் நம்முடைய பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் நேசனிடம் போகவில்லை. திரும்பி, படியில் நின்ற என்னிடம் வந்தார்.

"அம்மாவோ?"

ஓம் என்றேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"காலமை."

"எடுத்தாச்சோ?"

எடுத்தாச்சு என்றேன். அவர் அந்தப் படியிலேயே இருந்துவிட்டார். அழவில்லை. நேசனின் தமக்கைதான் கத்தி அழுதார். தவமலர் எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"சோதினை அடுத்த வருசமும் வரும் சேர்."

இதைவிடப் பெரிய வார்த்தை ஒன்றும் அவர் எனக்குச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம், முறைப்பாடு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நான் மறுத்திருக்கமாட்டேன். அவர் எழுதவில்லை. நானாவது அதிபரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் உரையில் அந்த வசனம் வந்தது.

இனி இதைக் கேளுங்கள். உங்களுக்கும் ஒருநாள் ஒரு போன் வரும். நம்முடைய பாஷையில் வரும். தம்பி என்பார்கள், பிள்ளை என்பார்கள், நீங்களும் எங்கடை பிள்ளைதானே என்பார்கள். நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள். நேசனைப்போல நல்ல மனிதனை நான் கண்டதில்லை, அந்த இரவை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. அந்த நன்மைக்கு இரங்கிவிடாதீர்கள். படிவத்தை எடுத்து வையுங்கள், தேநீர் ஊற்றுங்கள், ஆளைக் கூப்பிட்டு இருத்திச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சோதனைக்குப் போகிறீர்களா, வீட்டுக்குப் போகிறீர்களா என்று அவரிடமே கேளுங்கள். உள்ளே போகிறேன் என்று அவர் சொன்னாலும் சொல்லலாம். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. ஒரு வருடம் போகும் என்று பயப்படாதீர்கள். வருடம் போனால் வருடம்தான் போகும்.

யூலை கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதி வந்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் கொடுக்கத் தவணை இருந்தது. நேசன் போன் எடுத்தார். அவ அதைத் திறந்துகூடப் பாக்கிறாவில்லை, நீங்கள் வந்து ஒரு சொல் சொல்லுங்கோ சேர் என்றார். அந்த மனிதருக்கு என்மேல் இன்னும் நம்பிக்கை இருந்தது. நான் அம்மருட்டுக்குப் போனேன்.

எட்டாம் நாளுக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போயிருந்தேன்தான், ஆனால் சனத்துக்குள் கதைக்க முடியவில்லை. இந்தமுறை வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் மட்டும். தவமலர் என்னை இருக்கச் சொன்னார். முகம் வற்றிப்போயிருந்தது. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் கொண்டுபோன புத்திமதியை எல்லாம் சொன்னேன். மூன்று வருடப் பாடு, இடம் ஒருமுறை போனால் விடுப்பும் போய்விடும், அம்மாவும் இதைத்தான் விரும்பியிருப்பா. கடைசி வசனத்தைச் சொல்லும்போதே எனக்கு என்மேல் அருவருப்பு வந்தது.

அவர் கோபப்படவில்லை. அங்கை போய் வகுப்பிலை இருக்கலாம் சேர், ஆனால் வகுப்பு முடிஞ்சு ரயில் ஏறினால் நான் ஆருக்குச் சொல்லுறது என்றார். அவ்வளவுதான் காரணம் என்பதுபோல வெளியே பார்த்தார். நேசன் எழும்பி உள்ளே போய்விட்டார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்குத் தவமலர் தலையாட்டினார். அடுத்த வருடமும் அவர் போகவில்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. அதே முதியோர் இல்லத்தில்தான் இப்போதும் வேலை.

நான் புறப்பட எழும்பியபோது, சேர் ஒரு நிமிசம் என்றார். அன்றைக்குத் தம்பி எடுத்த வீடியோவை ஒருவரும் பதிந்து வைக்கவில்லையாம். தம்பி போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கிரியையில் குனிந்தபடி இருந்ததால் அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்காக உறவில் ஒருவர் பெயர் சொல்லி வாய்க்கரிசி போடுவது இப்போது ஊரில் வழக்கமாகிவிட்டது. தனக்காகப் போட்டது அங்கே இருக்கிற ஒரு மாமி என்கிறார்களாம், சிலர் சின்னக்கா என்கிறார்களாம், இரண்டு பேரும் நான் இல்லை என்கிறார்களாம்.

"இஞ்சை இருந்து பாத்தது நீங்கள் ஒராள்தான். என்ரை பேரைச் சொல்லி ஆர் சேர் போட்டது? ஆரும் போட்டவையோ?"

ஏதாவதொரு பெயரைச் சொல்லியிருக்கலாம். மாமி என்று சொல்லியிருந்தால் அவருக்கு அன்று இரவு நித்திரை வந்திருக்கும். ஆனால் அவரிடம் இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"நான் அதைப் பாக்கேல்லை, தவமலர். அரிசித்தட்டு வரேக்கை போனை நிப்பாட்டிப்போட்டன்."

"ஏன் சேர்?"

"உங்களை உள்ளை கூப்பிட நேரமாயிட்டுது."